வீட்டுக் கணினிக்குக் காப்புப் பிரதி: எதை நம்பலாம்?

குடியாத்தத்திலிருந்து கேள்வி அனுப்பியிருக்கும் சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கேட்டிருப்பதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு மேசைக் கணினியில் விண்டோஸ் 10 இயங்குகிறது. 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளைகள் பிறந்தது முதல் எடுத்த படங்களும் வீடியோக்களும் ஏறத்தாழ 320 ஜிபி, கணவரின் லுங்கி வியாபாரக் கணக்குகள் டேலியில், மாமனார் இருபது ஆண்டுகளாகச் சுற்றுவட்டாரக் கோயில்களைப் பற்றித் தட்டச்சு செய்துவைத்த குறிப்புகள் என எல்லாமே அந்த ஒரே டிஸ்கில் உள்ளன. சில வாரங்களாகக் கணினி இடையிடையே உறைந்து நிற்பதால் பயம் வந்திருக்கிறது. கடைக்காரர் பென் டிரைவ்கள் சில வாங்கிக்கொண்டால் போதும் என்கிறார். தம்பி எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் போட்டுவிடலாம் என்கிறார். கணவரோ டி டிரைவில் ஏற்கெனவே ஒரு காப்பி இருக்கிறதே, பிறகென்ன என்கிறார். இவற்றில் எது நம்பகமானது என்பது உங்கள் கேள்வி.

விரிவாகப் பேசுவதற்கு முன், இன்றைக்கே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. கணினி உறைந்து நிற்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்றாலும், டிஸ்க் தேய்ந்து, படிக்க முடியாமல் போன பகுதிகளை அது மீண்டும் மீண்டும் படிக்க முயல்வதும் அவற்றுள் ஒன்று. ஆகவே யாராவது விண்டோஸை மறுபடி நிறுவித் தருகிறேன் என்றாலோ, டிஸ்கைச் சரிபார்க்கும் நிரலை ஓட்டுகிறேன் என்றாலோ இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; அவை தளர்ந்த டிஸ்கை மேலும் வேலை வாங்கும். வெளியே பொருத்தும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, மாமனாரின் குறிப்புகள், டேலி தரவு, அதன் பிறகு படங்கள் என்ற வரிசையில் நகலெடுத்துவிடுங்கள். திரும்பக் கிடைக்க வழியில்லாததும் அளவில் சிறியதுமான கோப்புகள் முதலில் போகட்டும். நகலெடுக்கும்போது டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று தட்டும் ஓசை கேட்டால் உடனே கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்பில் பழகியவரிடம் காட்டுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல், டிஸ்க் தன்னைப் பற்றியே பதிந்துவைத்திருக்கும் உடல்நலக் குறிப்பைப் படித்துக் காட்டும். அதில் எச்சரிக்கை நிறம் தெரிந்தால் அந்த டிஸ்கை இனி நம்பவேண்டாம்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். தரவைப் பறிகொடுத்து என்னிடம் வந்தவர்களில் காப்புப் பிரதியே எடுக்காதவர்கள் ஒரு பகுதிதான். எடுத்துவைத்திருப்பதாக நம்பி வந்தவர்களும் நிறையப் பேர். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், பாகாயம் பக்கத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி பழுதான கணினியைக் கொண்டுவந்தார். ஆய்வேடு முழுவதையும் பென் டிரைவில் எடுத்துவிட்டேன், தாராளமாக அழித்துவிட்டு விண்டோஸைப் போடுங்கள் என்றார். நானும் அந்தப் பென் டிரைவைத் திறந்து பார்க்காமல் அழித்தேன். மாலையில் பார்த்தால், அவர் நகலெடுத்திருந்தது திரைமுகப்பில் இருந்த குறுக்குவழிச் சின்னத்தை மட்டுமே. இரண்டு கிலோபைட்கூட இல்லாத, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு சுட்டி. மீட்பு நிரல்களைக் கொண்டு பாதி அத்தியாயங்களை எடுத்தேன். மற்றவற்றை அந்தப் பெண் மறுபடி எழுதினார். அன்று முதல் என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது: ஒரு காப்புப் பிரதியிலிருந்து ஒரு கோப்பையாவது வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்க்கும் வரை அதை நான் காப்புப் பிரதி என்று எண்ணுவதில்லை. உங்களுக்கு வந்திருக்கும் மூன்று யோசனைகளையும் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

தரவு எப்படியெல்லாம் போகிறது என்பது தெரிந்தால்தான் எந்த வழி எதற்கு ஈடுகொடுக்கும் என்பது தெரியும். டிஸ்க் தானாகச் சாகலாம். தரவு மையங்களில் லட்சக்கணக்கான டிஸ்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, 2024-இல் அவர்களுடைய டிஸ்குகளில் ஆண்டுக்கு 1.57 சதவீதம் பழுதாகியிருக்கின்றன. அவை குளிர்ந்த அறையில், சீரான மின்சாரத்தில் இருப்பவை என்பதை நினைவில் கொள்ளவேண்டும். கை தவறி அழித்துவிடலாம், அல்லது பழைய கோப்பின் மேல் புதியதைச் சேமித்துவிடலாம். தீய நிரல் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிடலாம். திருட்டோ தீயோ வெள்ளமோ கணினியையும் அதன் பக்கத்திலிருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் அஞ்சுவது, காப்புப் பிரதி எடுக்கும் ஏற்பாடு ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோய், அது நின்றதே யாருக்கும் தெரியாமல் மாதங்கள் ஓடுவதைத்தான்.

டி டிரைவில் காப்பி இருக்கிறது என்று உங்கள் கணவர் சொல்வது நம் ஊரில் மிகப் பரவலான நம்பிக்கை. கணினியை அமைத்துத் தரும் கடைகளில் ஒரே டிஸ்கைச் சி, டி என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம் என்பதால், திரையில் இரண்டு தனித்தனிப் பெட்டிகள் இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஒரு வீட்டின் நடுவே சுவர் எழுப்பி இரண்டு அறையாக்கிவிட்டு, இரண்டு வீடு இருக்கிறது என்று சொல்வதற்கு ஒப்பானது அது. விண்டோஸ் மட்டும் கெட்டுப்போய்ச் சி டிரைவை அழிக்க நேர்ந்தால் டி டிரைவில் உள்ளது தப்பும். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். சொன்ன ஐந்து ஆபத்துகளில் முழுதாக ஒன்றுக்குக்கூட அது ஈடுகொடுப்பதில்லை.

பென் டிரைவ் கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வதற்கு உரிய பொருள். மலிவான பென் டிரைவ்களில் சொல்லப்பட்ட கொள்ளளவு உண்மையிலேயே இருக்கிறதா என்பதே சில வேளைகளில் ஐயத்துக்குரியது. போலியானவை நிரம்பிய பிறகும் ஏற்றுக்கொள்வதுபோல நடித்து, பின்னால் எழுதியவற்றைத் தொலைத்துவிடும். பிரிண்ட் எடுக்கும் கடைகளில் செருகித் திரும்பும் பென் டிரைவ்களில், கோப்புறைகளை மறைத்துவிட்டு அவற்றின் பெயரில் குறுக்குவழிகளை வைக்கும் வைரஸை இன்றும் நான் பார்க்கிறேன். 320 ஜிபியை மூன்று நான்கு பென் டிரைவ்களில் பிரித்து வைத்தால், எது எதில் இருக்கிறது என்பதே ஓராண்டில் மறந்துவிடும்.

தம்பியின் யோசனையைச் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் அதில் பாதி சரி. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபி. உங்கள் படங்களுக்குக் கட்டணம் செலுத்தித்தான் ஆகவேண்டும். வீட்டு இணையம் நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் மேலே ஏற்றும் என்று வைத்துக்கொண்டால் 320 ஜிபி ஏற ஏறத்தாழ முப்பத்தாறு மணி நேரம் ஆகும். அதைப் பல இரவுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். கைப்பேசியின் நாளொன்றுக்கு 1.5 ஜிபி திட்டத்தில் ஏற்றுவதானால் இருநூறு நாட்களுக்கு மேல் ஆகும். இவை வசதி பற்றிய தடைகள்தாம். அடிப்படையான சிக்கல் வேறு: இந்தச் சேவைகள் இயல்பாகச் செய்வது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்; இங்கே ஒரு தீய நிரல் கோப்பைப் பூட்டினால் பூட்டிய கோப்பே அங்கும் போய்ச் சேரும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அழித்த கோப்பு 30 நாட்கள் இருக்கும்; அதற்குள் நீங்கள் கவனிக்கவேண்டும். பிள்ளையின் முதல் பிறந்தநாள் கோப்புறை காணாமற்போனதை அடுத்த பிறந்தநாளில்தானே கவனிப்போம்? அதோடு, இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. கணக்கு வைத்திருந்தவர் காலமான குடும்பங்களில் இது எத்தகைய இழப்பாகும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான்: வெளியே பொருத்தும் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்குகள் இரண்டு, அவற்றில் ஒன்று வீட்டில், மற்றொன்று வேறோர் ஊரில், நகலெடுப்பதைத் தானாகச் செய்யும் ஒரு மென்பொருள், மிகவும் அரிய கோப்புகளுக்கு மட்டும் கூடுதலாகக் கிளவுட், அதாவது கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 என்ற விதியைத்தான் நம் வசதிக்கேற்ப இப்படிச் சொல்கிறேன். மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறிடத்தில் இருக்கவேண்டும் என்பது அவ்விதி. ஒரு டிஸ்கை மட்டும் வாங்குவதற்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அந்த ஒன்றை இன்றே வாங்குங்கள், இரண்டாவதற்காகக் காத்திருக்கவேண்டாம்.

வேறிடத்தில் ஒன்றை வைப்பது பெரிய நிறுவனங்களின் வழக்கம், வீட்டுக்கு எதற்கு என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்ததை நீங்கள் குடியாத்தத்தில் கண்டிருப்பீர்கள். பாலாற்றிலும் அதே நாட்களில் வெள்ளம் ஓடியது. அப்போது என்னிடம் வந்த ஒரு கணினியோடு, அதன் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்த காப்பு டிஸ்கும் சேறோடு வந்தது. இது கணினிக் காலத்து யோசனையும் இல்லை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் லிங்கம் நீண்ட காலம் கோட்டைக்கு வெளியே எங்கள் சத்துவாச்சாரியில் வைத்துக் காக்கப்பட்டு, 1981-இல்தான் கோயிலுக்குத் திரும்பியது. இழக்கக் கூடாததை ஆபத்து வரக்கூடிய இடத்திலிருந்து தள்ளி வைக்கவேண்டும் என்பது நம் மண்ணில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்கள் தாய்வீடு ஆற்காட்டில், முதல் மாடியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

எந்த வகை டிஸ்க் என்பதைப் பற்றி ஒரு சொல். வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்குவது என்பதால், சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். தினமும் பயன்படுத்தும் டிஸ்காக அது நல்லது. ஆனால் மின்சாரம் இல்லாமல் பீரோவில் நெடுநாள் வைப்பதற்குச் சாதாரண ஹார்ட் டிஸ்கையே நான் விரும்புகிறேன். எஸ்எஸ்டி தரவை மின்னூட்டமாக வைத்திருக்கிறது. அது மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் விரைந்து கசியும். ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பின் வரையறைப்படி, எழுதும் ஆயுளை முழுவதும் தீர்த்துவிட்ட வீட்டு உபயோக எஸ்எஸ்டி, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஓராண்டு தரவைக் காத்தால் போதும். புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், மூடிக்கிடக்கும் வீட்டின் மாடி அலமாரியை எண்ணிப்பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஹார்ட் டிஸ்குக்கு எதிரி அதிர்ச்சியும் ஈரமும். ஓடும்போது நகர்த்தாதீர்கள், பேருந்தில் கொண்டுபோகும்போது துணியில் சுற்றி மடியில் வையுங்கள், மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போடுங்கள். இரண்டு டிஸ்குகளையும் வெவ்வேறு தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கினால், ஒரே தயாரிப்புக் குறை இரண்டையும் தாக்காது. கணினியில் நீல நிறத் துளை இருந்தால் அது பெரும்பாலும் யூஎஸ்பி 3. அதில் செருகினால் முதல் நகல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும். கறுப்புத் துளையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மின்வெட்டு நடுவே வந்தால் எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க் கெடக்கூடும் என்பதால் கணினி யூபிஎஸ்ஸில் இருப்பது அவசியம்.

மென்பொருள் விஷயத்தில் விண்டோஸிலேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி பலருக்குப் போதுமானது. மணிக்கு ஒருமுறை மாறிய கோப்புகளை நகலெடுத்து, பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பயனரின் ஆவணங்கள், படங்கள், திரைமுகப்பு போன்ற வழக்கமான கோப்புறைகளையே அது இயல்பாக எடுக்கும். டி டிரைவில் நீங்களே உருவாக்கிய கோப்புறைகளை நீங்கள் சேர்த்தால்தான் சேரும். டேலியின் தரவு வழக்கமாகச் சி டிரைவில் பயனர்கள் கோப்புறைக்குள் பொதுப் பகுதியில் இருப்பதால் அதுவும் தானாகச் சேராது. திரையில் எல்லாம் சரியாக நடப்பதாகவே தெரியும். டிஸ்கைத் திறந்தால் முக்கியமானது இருக்காது. அதனால் உங்களைப்போல மூன்று பேருடைய கோப்புகள் மூன்று இடங்களில் கிடக்கும் வீடுகளுக்கு, கணினியை முழுவதுமாகப் படியெடுக்கும் மென்பொருளை நான் நிறுவித் தருகிறேன். வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு அத்தகையது. காப்பு டிஸ்கைச் செருகியவுடன் தானாகத் தொடங்கும்படியும், முடிந்தவுடன் டிஸ்கைப் பாதுகாப்பாகக் கழற்றிக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவரும்படியும் அதை அமைக்கலாம். எதைச் சேர்த்தோம், எதை மறந்தோம் என்ற கவலையே எழாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. கணினி செத்தால் மீட்பதற்கான பென் டிரைவ் ஒன்றை அதே மென்பொருளைக் கொண்டு முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளவேண்டும். கணினி செத்த பிறகு அதைத் தயாரிக்க அலைவது வீண் பாடு.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டதால், விரைவில் விண்டோஸ் 11-க்கோ புதிய கணினிக்கோ மாறவேண்டியிருக்கும். அந்த மாற்றத்துக்கு முந்தைய நாள் ஒரு முழுப் படி எடுத்து, அதை அடுத்த ஓராண்டுக்கு அழிக்காமல் வைத்திருங்கள்.

வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுவதும் பரவியபோது, கணினியோடு இணைந்திருந்த காப்பு டிஸ்குகளில் இருந்த கோப்புகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. கணினியால் எழுத முடிகிற எந்த இடத்திலும் அந்தக் கணினியில் புகுந்த தீயநிரலாலும் எழுத முடியும். விண்டோஸ் தனக்குள் வைத்துக்கொள்ளும் பழைய வடிவங்களையும் அத்தகைய நிரல்கள் முதல் வேலையாக அழிக்கின்றன. கழற்றிப் பீரோவில் வைத்த டிஸ்கை எந்த நிரலும் தொட முடியாது. தானியங்கி வசதிக்காக டிஸ்கை எப்போதும் செருகியே வைத்திருப்பவர்கள், மற்றொரு டிஸ்கையாவது தனியே வைத்திருக்கவேண்டும்.

டேலியைப் பொறுத்தவரை, படியெடுக்கும் நேரத்தில் அதை மூடிவைத்திருங்கள். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் அரைகுறையாக இருக்கக்கூடும். டேலிக்குள்ளேயே காப்புப் பிரதி எடுக்கும் வசதி உண்டு. ஒவ்வொரு முறையும் ஜிஎஸ்டி விவரம் தாக்கல் செய்த அன்று அதைக் கொண்டு ஒன்று எடுத்து, மாதத்தின் பெயரிட்டு, அதே காப்பு டிஸ்கில் தனிக் கோப்புறையில் வைத்தால் வரி விசாரணை வந்தாலும் கைகொடுக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது மாமனாரின் குறிப்புகள்தாம். இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கியவர் என்றால், தொடக்கக் காலத்துக் கோப்புகள், இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் இருக்க வாய்ப்பு குறைவு. பாமினி, வானவில் அவ்வையார், 1999-இல் தரப்படுத்தப்பட்ட டாம், டாப் குறியாக்கங்களைச் சேர்ந்த எழுத்துருக்கள் ஆகியவற்றில்தான் அன்று பெரும்பாலானோர் தட்டச்சு செய்தார்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்றதே 2010-இல்தான். அந்தப் பழைய முறையில் கோப்புக்குள் இருப்பது உண்மையில் தமிழ் எழுத்துகள் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள் இருக்கும், அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுப்பது எழுத்துரு. கோப்பு பத்திரமாக இருந்து எழுத்துரு தொலைந்துபோனால், திறக்கும்போது பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடக்கும். காப்பாற்றியும் காப்பாற்றாத நிலை அது. ஆற்காட்டில் கோயில் மலர் ஒன்றுக்காக எழுதிய ஒருவரின் கோப்புகளை இப்படித்தான் பார்த்தேன். எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாட்கள் ஆயின.

ஆகவே விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும், அவர் பயன்படுத்திய விசைப்பலகை மென்பொருளின் நிறுவல் கோப்பையும் குறிப்புகளுக்குப் பக்கத்திலேயே நகலெடுத்து வையுங்கள். ஒவ்வொரு ஆவணத்தையும் இன்றைய கணினியில் சரியாகத் தெரியும்போதே பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள். பிடிஎஃபுக்குள் எழுத்துருவும் பதிந்துவிடும் என்பதால் எங்கே திறந்தாலும் வடிவம் மாறாது. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பக்கங்கள் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது, ஏனென்றால் அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். இனி வரும் கணினிகளில் அது ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. நேரம் கிடைக்கும்போது என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியைக் கொண்டு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றும்போது ஒற்றும் கொம்பும் சில இடங்களில் பிசகும். கல்வெட்டு வரிகளை அவரே உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மாற்றிய பின்னும் பழைய மூலத்தை அழிக்காதீர்கள்.

இந்தக் குறிப்புகள் அனைத்தும் சேர்ந்தாலும் 2 ஜிபிக்கு மேல் இருக்காது. தம்பியின் கூகுள் டிரைவ் யோசனை இங்கேதான் முழுப் பயன் தரும். குறிப்புகள், அவற்றின் பிடிஎஃப் வடிவங்கள், எழுத்துருக்கள், டேலியின் மாதாந்தரப் பிரதிகள், நிலப்பத்திரம், சான்றிதழ்களின் ஸ்கேன்கள் ஆகியவற்றை அதில் ஏற்றிவைக்கலாம். இலவச இடமே தாங்கும். ஒத்திசைக்கும் கோப்புறையில் வைக்காமல், உலாவியைத் திறந்து மாதம் ஒருமுறை தேதியிட்ட கோப்புறையாக ஏற்றினால், கணினியில் நேரும் தவறு அங்கே போய்ச் சேராது. கணக்கின் கடவுச்சொல் உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக இல்லாமல், கணவரும் தம்பியும் தேவைப்பட்டால் எடுக்கும்படி எழுதி வைத்திருக்கவேண்டும்.

டிஸ்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வணிகக் கணக்கும் ஆதார் நகல்களும் இருப்பதால் ஊர் விட்டு ஊர் போகும் டிஸ்கைப் பூட்டுவது நியாயம்தான். ஆனால் என் அனுபவத்தில் டிஸ்கைத் திருடனிடம் கொடுத்தவர்களைவிடக் கடவுச்சொல்லை மறந்தவர்களே அதிகம். பூட்டிய டிஸ்கை நானும் திறக்க முடியாது, யாராலும் முடியாது. பூட்டுவதானால் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி இரண்டு வீடுகளிலும், டிஸ்கோடு சேராமல் வையுங்கள். பின்னாளில் விண்டோஸ் 11 கணினி வாங்கினால், அதில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் சொந்த டிஸ்க் பூட்டு உங்களைக் கேட்காமலே செயல்பாட்டில் இருக்கக்கூடும். அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.

இனி, நான் முதலில் சொன்ன அளவுகோலுக்கு வருகிறேன். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுவோரின் நிரல்களை இணையத்தில் வைத்துக் காக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன; எதுவுமே நம்பும்படி வேலை செய்திருக்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு படிதான் அவர்களைக் காப்பாற்றியது. கணினியே தொழிலாக உள்ளவர்களுக்கே இப்படி என்றால், நம் வீடுகளில் சோதிக்காமல் நம்புவதற்கு இடமே இல்லை. சோதிப்பது கடினமும் இல்லை. தம்பியின் மடிக்கணினியில் அதே படியெடுக்கும் மென்பொருளை நிறுவி, காப்பு டிஸ்கை அதில் செருகி, மூன்று பேருடைய கோப்புகளிலிருந்தும் சிலவற்றை வெளியே எடுங்கள். ஒரு வீடியோவைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள், டேலிப் பிரதியை ஏற்றிக் கடைசிப் பற்றுச்சீட்டு எண் சரியா என்று பாருங்கள், மாமனாரின் ஓர் ஆவணத்தில் எழுத்துகள் உருக்குலையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்கில் கோப்பு இருக்கிறது என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த மாணவியின் பென் டிரைவிலும் பெயர் இருந்தது.

நடைமுறையில், வாரம் ஒருநாள் வீட்டு டிஸ்கைச் செருகினால் போதும். மாதம் ஒருமுறை ஆற்காட்டுக்குப் போகும்போது வீட்டில் இருப்பதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வாருங்கள். மென்பொருளில் இரண்டு டிஸ்குகளையும் பதிந்துவைத்தால் எதைச் செருகினாலும் வேலை நடக்கும். கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்து பழைய படங்களைக் காட்டச் சொல்லும்போது, கணினியிலிருந்து காட்டாமல் காப்பு டிஸ்கை வேறொரு மடிக்கணினியில் செருகி அதிலிருந்து காட்டுங்கள். ஆண்டுச் சோதனை அப்படியே முடிந்துவிடும். பொங்கலுக்கு இன்னொரு முறை செய்யலாம். ஐந்து ஆண்டுகள் ஆன டிஸ்க் நன்றாக ஓடினாலும் அதற்கு மாற்று வாங்கிவிடுங்கள்.

மாமனாரின் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, எழுத்துருப் பெட்டியில் தெரியும் பெயரைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். பெயர் தெரிந்தால் எந்தக் குறியாக்கத்திலிருந்து மாற்றவேண்டும், கல்வெட்டுக் கிரந்த எழுத்துகளுக்கு என்ன செய்யவேண்டும் என்பதைத் தனியே விளக்கி அனுப்புகிறேன்.